நெட்மீட்டிங்கில் ஏன் மணி அடிக்கவில்லை?

இணையத்தில் ஒருவரைக் கூப்பிடுவது சுலபம். ஒருவர் நம்மைக் கூப்பிட்டு, அந்த அழைப்பு வந்து சேர்வதுதான் கஷ்டம். "என்ன உளறல் இது? வாட்ஸ்அப்பில் தினமும் பத்து கால் வருகிறதே?" என்பவர்கள் கொஞ்சம் பொறுங்கள். அந்தப் பத்து கால்களும் எப்படி வருகின்றன, சில நாள் ஏன் வருவதில்லை என்பதற்குப் பின்னால் ஒரு பழைய தலைவலி இருக்கிறது. அதை அனுபவித்தவர்கள் தேவிகாபுரத்துக்காரர்கள். காலம் 2003, தீபாவளிக்கு முந்தைய வாரங்கள். இடம் ஆரணியில் ஒரு பிரவுசிங் சென்டர்.

தேவிகாபுரம் திருவண்ணாமலை மாவட்டத்தில் ஆரணிக்குப் பக்கத்து ஊர். வெளியூர்க்காரர்களுக்குப் பெரியநாயகி அம்மன் கோயிலால் தெரிந்திருக்கும். உள்ளூர்க்காரர்களுக்குத் தறிதான் எல்லாம். கடைகளில் ஆரணிப் பட்டு என்று மடித்து வைத்திருக்கிறார்களே, அதில் ஒரு பங்கு இந்த ஊர் வீடுகளில் நெய்யப்பட்டது. நடுக்கூடத்தில் தறி, அதைச் சுற்றித்தான் சமையல், படிப்பு, தூக்கம். கூலி சேலைக் கணக்கு. தறியை விட்டு எழுந்து போனால் எழுந்த நேரத்துக்குக் காசு கிடையாது. தீபாவளிக்கு முன்பு என்றால் கேட்கவே வேண்டாம், முதலாளி தினம் ஆள் அனுப்புவார்.

அப்படிப்பட்ட நேரத்தில் ஒரு நெசவாளரும் அவர் மனைவியும் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தறியை நிறுத்திவிட்டு ஆரணிக்கு பஸ் ஏறினார்கள். மூத்த மகன் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய் இரண்டு வருடம் ஆகியிருந்தது. குரல் கேட்டிருக்கிறார்கள், ஐ.எஸ்.டி. கட்டணத்துக்குப் பயந்து நிமிடக் கணக்கில். முகம் பார்க்கவில்லை. நெசவாளரின் தம்பி மகன் இஞ்சினியரிங் இரண்டாம் ஆண்டு. அவன்தான் "பெரியம்மா, கம்ப்யூட்டர்லயே அண்ணனப் பாக்கலாம், பேசலாம், மணிக்கு முப்பது ரூபாதான்" என்று ஆசை காட்டியவன். நாள், நேரம் எல்லாம் மின்னஞ்சலில் முடிவாகிவிட்டது. இந்தியாவில் நாலு மணி, சிங்கப்பூரில் ஆறரை.

நெட்மீட்டிங் 1996ல் மைக்ரோசாஃப்ட் இலவசமாகக் கொடுத்த மென்பொருள். பேசலாம், வெப்கேமில் முகம் பார்க்கலாம், தட்டச்சு செய்து அரட்டை அடிக்கலாம், ஒரே வெள்ளைப்பலகையில் இரண்டு பேர் கிறுக்கலாம். விண்டோஸ் 98, 2000, எக்ஸ்பி எல்லாவற்றிலும் இருந்தது. எக்ஸ்பியில் மட்டும் மெனுவில் தென்படாது. ஸ்டார்ட், ரன் போய் "கான்ஃப்" என்று நாலெழுத்து ஆங்கிலத்தில் அடித்தால்தான் வெளியே வரும். இந்த ரகசியம் தெரிந்தவனுக்கு அப்போது வகுப்பில் ஒரு மரியாதை உண்டு!

இதில் சட்டமும் ஒன்று உண்டு. 2002 ஏப்ரல் 1க்கு முன்பு இந்தியாவில் இணையத் தொலைபேசிக்கே அனுமதி இல்லை. அதன் பிறகுதான் கணினியிலிருந்து கணினிக்குப் பேசுவது சட்டப்படி சரி என்று ஆனது. ஆக, ஆரணியில் அந்தக் குடும்பம் உட்கார்ந்தபோது அனுமதி வந்து ஒன்றரை வருடம்தான் ஆகியிருந்தது.

முதல் ஞாயிறு. நாலு மணி. நாலு பத்து. நெட்மீட்டிங் சும்மா இருக்கிறது. யாகூ மெசஞ்சரில் அண்ணன், "கூப்பிட்டுக்கிட்டே இருக்கேன்டா, எடுக்க மாட்டேங்கிற" என்கிறான். பெரியப்பா எட்டிப் பார்த்து, "இன்னாடா, மணியே அடிக்கல?" என்கிறார்.

மாணவன் முதலில் பார்க்க வேண்டியதையெல்லாம் ஒழுங்காகத்தான் பார்த்தான். நெட்மீட்டிங் திறந்திருக்கிறதா? இருக்கிறது. (மூடி வைத்திருந்தால் அழைப்பு வராது. விண்டோஸ் தொடங்கும்போதே பின்னணியில் ஓடவிட ஒரு தேர்வு உண்டு.) "கால்" மெனுவில் "டு நாட் டிஸ்டர்ப்" டிக் ஆகியிருக்கிறதா? ஆகியிருந்தது! முந்தைய ஆள் யாரோ போட்டுவிட்டுப் போயிருக்கிறார். எடுத்துவிட்டான். கண்டுபிடித்துவிட்ட பெருமையில் பெரியம்மாவைப் பார்த்துச் சிரித்தும்விட்டான். அப்போதும் மணி அடிக்கவில்லை.

கோளாறு அண்ணனுக்கு அனுப்பிய எண்ணிலேயே இருந்தது. நெட்மீட்டிங்கில் ஒருவரைக் கூப்பிட அவர் கணினியின் ஐ.பி. முகவரி வேண்டும். மாணவன் கறுப்புத் திரையில் "ஐபிகான்ஃபிக்" கட்டளை கொடுத்துப் பார்த்து 192.168.0.14 என்று எழுதி அனுப்பியிருந்தான். எண் சரிதான். ஆனால் அது அந்தச் சென்டரின் நான்கு சுவருக்குள் மட்டும் செல்லும் எண். 1996 பிப்ரவரியில் வந்த ஆர்.எஃப்.சி. 1918 என்ற ஆவணம் 10, 172.16, 192.168 என்று தொடங்கும் மூன்று முகவரித் தொகுதிகளைத் தனியார் வலையமைப்புகளின் உள்புழக்கத்துக்கு ஒதுக்கிவிட்டது. யார் வேண்டுமானாலும் தங்கள் கட்டடத்துக்குள் வைத்துக்கொள்ளலாம், வெளியே செல்லாது. உலகத்தில் எத்தனை லட்சம் இடங்களில் ஒரு 192.168.0.14 இருக்கும் என்று யாரால் சொல்ல முடியும்? சிங்கப்பூரில் அண்ணன் அந்த எண்ணை அடித்தபோது, ஆரணியைத் தேடி எந்தக் கேள்வியும் கடல் தாண்டவே இல்லை.

ஏன் இப்படி ஒரு ஏற்பாடு? முகவரி போதாது. இணையத்தின் பழைய முகவரி முறையில் மொத்தமே சுமார் 429 கோடி எண்கள்தான். தட்டுப்பாடு வரும் என்று தொண்ணூறுகளின் தொடக்கத்திலேயே தெரிந்துவிட்டது. அதற்காக 1994ல் எழுதிய மாற்று வழிதான் நாட் எனப்படும் முகவரி மாற்றம். சென்டரில் எட்டு கணினி இருந்தாலும் தொலைபேசி லைன் ஒன்று, வெளியுலகத்துக்குத் தெரியும் முகவரியும் ஒன்று. மோடம் இணைந்திருக்கும் ஓனர் கணினி மற்ற ஏழு பேருக்காகவும் வெளியே போய்க் கேட்டு வாங்கி வந்து பிரித்துக் கொடுக்கும்.

இதைப் புரிந்துகொள்ள நம் ஊர் ஆட்களுக்கு ஓர் எளிய வழி இருக்கிறது. பி.பி. நம்பர் ஞாபகம் இருக்கிறதா? தெருவில் ஒரு வீட்டில்தான் போன் இருக்கும். கல்யாணப் பத்திரிகையில்கூட அந்த நம்பரைப் போட்டுப் பக்கத்தில் "பி.பி." என்று அச்சடிப்பார்கள். வெளியே பேச வேண்டுமென்றால் எஸ்.டி.டி. பூத்துக்குப் போய் யாரும் எங்கும் பேசலாம், ஒரு சிக்கலும் இல்லை. உள்ளே வருகிற காலுக்குத்தான் பி.பி. வீட்டுக்காரர் தயவு வேண்டும். அவருக்கு இன்னார் வீடு என்று தெரிந்திருக்க வேண்டும், தெரிந்தாலும் வந்து கூப்பிட மனசு வேண்டும். நாட் கணினி ஒரு பி.பி. வீட்டுக்காரர். நீங்கள் முதலில் வெளியே ஒன்று கேட்டிருந்தால், அதற்கு வரும் பதிலை மறக்காமல் கொண்டுவந்து கொடுத்துவிடும். கேட்காமல் வெளியிலிருந்து ஒருவர் வந்து "அவரைக் கூப்பிடுங்க" என்றால், எட்டு பேரில் எவர் என்று தெரியாமல் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடும். இணையத்தின் அமைப்பிலேயே வெளியே போகும் வழி அகலம், உள்ளே வரும் வழி குறுகல் என்று ஆனது இப்படித்தான்.

ஒரு மணி நேரம் கழித்து முப்பது ரூபாய் கொடுத்துவிட்டு மூவரும் பஸ் ஏறினார்கள். பெரியம்மா அண்ணனுக்குக் காட்டுவதற்காகத் தறியிலிருந்து அறுத்த புதுச் சேலையை மஞ்சள் பையில் கொண்டுவந்திருந்தார். பை பிரிக்கப்படவே இல்லை.

அந்த வாரம் முழுக்க மாணவனுக்குப் படிப்பு ஓடவில்லை. கல்லூரி லேபில் தேடி ஒரு பக்கத்தை அச்செடுத்துக்கொண்டான். நெட்மீட்டிங்குக்கு எந்தெந்தக் கதவுகள் (போர்ட் என்பார்கள்) திறந்திருக்க வேண்டும் என்ற பட்டியல். அழைப்பு தொடங்க 1720. ஒலிக் கட்டுப்பாட்டுக்கு 1731. வெள்ளைப்பலகைக்கும் அரட்டைக்கும் 1503. பெயர்ப்பட்டியல் சேவைக்கு 389, 522. இதுவரை பரவாயில்லை. குரலும் படமும் எந்தக் கதவு வழியே வரும்? 1024லிருந்து 65535 வரை ஏதாவது ஒன்று, அப்போதைக்கப்போது பேசி முடிவு செய்துகொள்ளும்!

இதை ஓனரிடம் காட்டியபோது அவர் சொன்ன பதிலைத் தப்பு சொல்ல முடியாது. "தம்பி, இத்தினி கதவத் தொறந்து வெச்சா, வைரஸ் வூட்டுக்குள்ள வந்து குடித்தனமே பண்ணும்." இரண்டு மாதம் முன்புதான், 2003 ஆகஸ்டில், பிளாஸ்டர் என்ற புழு 135ஆம் கதவு வழியே விண்டோஸ் கணினிகளுக்குள் புகுந்து உலகம் முழுக்க அவற்றை அறுபது விநாடிக் கெடுவில் அணைந்து எழ வைத்திருந்தது. அவர் சென்டரிலும் இரண்டு கணினி மாட்டியது. உள்ளே வரும் எல்லாவற்றையும் சந்தேகப்படு என்று அந்த வருடம் எல்லோரும் கற்றுக்கொண்டார்கள். மறு வருடம் ஆகஸ்டில் வந்த எக்ஸ்பி சர்வீஸ் பேக் 2, ஃபயர்வாலைத் தானாகவே இயக்கி வைத்தது. நல்ல காரியம்தான். ஆனால் நெட்மீட்டிங்காரர்களுக்கு அது இன்னொரு பூட்டு.

இரண்டாம் ஞாயிறு. மாணவன் திட்டத்தை மாற்றியிருந்தான். அண்ணன் கூப்பிட வேண்டாம், நாமே கூப்பிடலாம். அண்ணன் அறையில் மோடம் நேராகக் கணினியில் இணைந்திருந்தது, அவனுக்கு உலகத்துக்குத் தெரிந்த முகவரி இருந்தது. கூப்பிட்டான். மணி அடித்தது! அண்ணன் எடுத்துவிட்டான்.

ஆனால் திரையில் முகம் வரவில்லை. குரலும் இல்லை. வீடியோ பெட்டி கறுப்பாகவே இருந்தது. யாகூவில் மட்டும் எழுத்து வந்துகொண்டிருந்தது: "டேய், அம்மா தெரியுறாங்கடா. அப்பா பக்கத்துல நிக்கிறாரு. அம்மா குரல் கேக்குது. அழாதேன்னு சொல்லு."

மாணவன் அதை வாசித்துக் காட்டினான். பெரியம்மா கறுப்புப் பெட்டியைப் பார்த்துத்தான் பேசினார். சேலையைப் பிரித்து முந்தியை வெப்கேமுக்கு முன் பிடித்தார். அந்தப் பக்கம் மகன் பார்க்கிறான், கேட்கிறான், பதிலும் சொல்கிறான். இந்தப் பக்கம் ஒன்றும் இல்லை. அடிக்காத மணியே தேவலை என்று தோன்றியிருக்கும்.

ஒருபக்கம் மட்டும் கேட்கிற இந்தக் கோளாறு, நெட்மீட்டிங் பயன்படுத்தும் எச்.323 என்ற விதிமுறையின் குணம். 1996ல் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் வகுத்தது அது. கடிதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். உறையின் மேல் அனுப்புநர் முகவரி இருக்கும். நாட் கணினி அந்த உறை மேல் இருப்பதை அடித்துவிட்டுத் தன் முகவரியை எழுதி அனுப்பும். ஆனால் எச்.323 கடிதத்துக்கு உள்ளேயும் எழுதுகிறது: "என் படமும் குரலும் 192.168.0.14க்கு அனுப்பவும்." சாதாரண நாட் உறையைப் பிரித்துப் படிப்பதில்லை. சிங்கப்பூர் கணினி கடிதத்தைப் பிரித்து, சொன்னதற்குக் கட்டுப்பட்டு, 192.168.0.14க்கே மகனின் முகத்தை அனுப்பிக்கொண்டிருந்தது. அந்தப் படம் எங்கே போயிருக்கும்? வழியிலேயே ஏதோ ஒரு ரவுட்டர் அதைக் குப்பையில் போட்டிருக்கும். பெரியம்மாவின் முகம் மட்டும் சரியான முகவரிக்குப் போய்ச் சேர்ந்தது.

எச்.323ஐ வகுத்தவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. தொலைபேசி உலகத்திலிருந்து வந்தவர்கள். தொலைபேசியில் எண் இருந்தால் மணி அடிக்கும், அதில் சந்தேகமே கிடையாது. ஒரு கருவிக்கு முகவரி இருந்தும் அது செல்லாத முகவரியாக இருக்கும் என்பது அவர்கள் கணக்கில் பெரிதாக இல்லை.

இதே தமிழ்நாட்டில் அதே வருடங்களில் வேறு சிலர் இந்தச் சிக்கலை எப்படிச் சமாளித்தார்கள் என்று பார்த்தால் சுவாரசியமாக இருக்கிறது. மதுரை பக்கம் மேலூர் வட்டாரக் கிராமங்களில் 2001 முதல் ஐ.ஐ.டி. மெட்ராஸின் கார்டெக்ட் தொழில்நுட்பத்தில் என்-லாக் நிறுவனம் இணையக் கியோஸ்க்குகள் நடத்தியது. அங்கே கண் கோளாறு உள்ளவர்களின் கண்ணை வெப்கேமில் படம் பிடித்து, மதுரை அரவிந்த் கண் மருத்துவமனைக்கு மின்னஞ்சலில் அனுப்பினார்கள். மருத்துவர் பார்த்துப் பதில் எழுதுவார். நேரலை இல்லை, மணி அடிக்க வேண்டியதும் இல்லை. கடிதம் அஞ்சல் பெட்டியில் காத்திருக்கும், போய் எடுத்துக்கொள்ள வேண்டியதுதான். கண்ணுக்கு அது போதும். அம்மாவுக்குப் போதாது.

மூன்றாம் ஞாயிறு போக வேண்டாம் என்றுதான் பெரியப்பா சொன்னார். தீபாவளி பத்து நாளில். தறியில் பாதிச் சேலை. "அவன் எங்களப் பாத்துட்டான் இல்ல, போதும்" என்றார். பெரியம்மா ஒன்றும் சொல்லவில்லை. மத்தியானம் தலை வாரிக்கொண்டு வாசலில் வந்து உட்கார்ந்துவிட்டார், அவ்வளவுதான்.

தீர்வு அசிங்கமான அளவுக்கு எளியது. எட்டு கணினியில் ஒன்றுக்கு மட்டும் உண்மையான முகவரி இருக்கிறது, ஓனர் உட்காரும் கணினி. அதிலேயே உட்கார்ந்தால் நாட் ஏது, உறை ஏது? மாணவன் இதை ஓனரிடம் கேட்க ஒரு வாரம் ஒத்திகை பார்த்திருக்கிறான். கேட்டவுடன் அவர் எழுந்துவிட்டார். வெப்கேமைக்கூட அவரே கழற்றி மாட்டினார். கல்லாப் பெட்டியை மட்டும் மடியில் வைத்துக்கொண்டு பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்தார்.

இன்னொரு சிக்கல் உண்டு. டயல்-அப்பில் ஒவ்வொரு முறை இணைப்பு அறுந்து சேரும்போதும் முகவரி மாறிவிடும். அன்று இரண்டு முறை அறுந்தது. இரண்டு முறையும் புதிய எண்ணைப் பார்த்து யாகூவில் அனுப்ப வேண்டியிருந்தது. கவனியுங்கள், யாகூ மட்டும் எப்படி எப்போதும் வேலை செய்தது? அது உள்ளே வரும் அழைப்புக்காகக் கதவருகில் காத்திருக்கவில்லை. திறந்தவுடன் தானே வெளியே போய் யாகூ சர்வரைப் பிடித்துக்கொண்டு, கையை விடாமல் நின்றது. அண்ணன் எழுதியது அந்தக் கை வழியே வந்தது. விடை மூன்று வாரமும் கண்ணெதிரே ஓடிக்கொண்டிருந்தது என்பது மாணவனுக்கு வெகுநாள் கழித்துத்தான் உறைத்தது.

நாலு இருபத்தைந்துக்கு மணி அடித்தது. உள்ளே வந்த அழைப்பு. மாணவன் "அக்செப்ட்" அழுத்தினான். தபால்தலை அளவில் ஒரு முகம், அசைந்து அசைந்து நின்றது. டயல்-அப்பில் அவ்வளவுதான் முடியும். குரல் ஆறு கிலோபிட்டுக்குள் அடங்கிவிடும், மிச்சத்தில்தான் படம். வாய் ஒன்று பேச, குரல் பின்னால் வந்தது. பெரியம்மா கேட்ட முதல் கேள்வி, "ஏன்டா இப்டி எளச்சிட்ட?" அவன் இளைக்கவில்லை, படம்தான் நசுங்கியிருந்தது. பதினோரு நிமிடம் பேசினார்கள். பெரியப்பா பேசியது இரண்டே வாக்கியம், இரண்டும் பாவு விலையைப் பற்றி. ஓனர் காசு வாங்கவில்லை.

இதில் ஒரு வேடிக்கை. இவர்கள் ஆரணியில் கறுப்புப் பெட்டியோடு போராடிய அதே வாரங்களில் ஸ்கைப் பிறந்து ஒன்றரை மாதம் ஆகியிருந்தது. 2003 ஆகஸ்ட் 29ல் அதன் முதல் பதிப்பு வந்தது. அது செய்தது யாகூ செய்ததைத்தான், ஆனால் குரலுக்கும் சேர்த்து. ஒவ்வொரு ஸ்கைப்பும் திறந்தவுடன் வெளியே போய், உண்மையான முகவரி உள்ள ஏதோ ஒரு கணினியின் கையைப் பிடித்துக்கொள்ளும். யாராவது கூப்பிட்டால் தகவல் அந்தக் கை வழியே வரும். இரண்டு பக்கமும் நாட்டுக்குள் சிக்கியிருந்தால், நடுவில் முன்பின் தெரியாத இன்னொருவரின் கணினி குரலை வாங்கி வாங்கிக் கொடுக்கும். அம்மா பேச்சைச் சுமந்தது எந்த ஊர்ப் பல்கலைக்கழகக் கணினியோ! அதே 2003 மார்ச்சில் வந்த ஸ்டன் என்ற விதிமுறை, உள்ளே இருக்கும் கணினி "வெளியே என் முகவரி என்னவாகத் தெரிகிறது?" என்று ஒரு சர்வரைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வழி செய்தது. இன்று கூகுள் மீட், ஜூம், வாட்ஸ்அப் எல்லாமே இந்த வழியின் பேரப்பிள்ளைகள்: வெளியே போ, கையைப் பிடி, விடாதே, நேர்வழி கிடைத்தால் மாறிக்கொள், கிடைக்காவிட்டால் நடுவில் ஒருவர் வழியாகப் பேசு.

நெட்மீட்டிங் 2007ல் விஸ்டா வந்தபோது காணாமல் போனது. யாகூ மெசஞ்சர் 2018 ஜூலையில் மூடப்பட்டது. ஸ்கைப்பை வாங்கிய மைக்ரோசாஃப்டே அதை 2025 மே மாதம் மூடியது. நாட் மட்டும் சாகவில்லை, பெருத்துவிட்டது. 2011 பிப்ரவரி 3ல் உலகக் கையிருப்பில் இருந்த கடைசி முகவரித் தொகுதிகளும் பிரித்துக் கொடுக்கப்பட்டன. அதன் பிறகு நிறுவனங்களே பல வாடிக்கையாளர்களை ஒரே முகவரிக்குப் பின்னால் நிறுத்த ஆரம்பித்தன. இதற்கென்றே 2012ல் 100.64 என்று தொடங்கும் ஒரு தொகுதி ஒதுக்கப்பட்டது. உங்கள் ரவுட்டரின் வெளிப்பக்க முகவரி 100.64க்கும் 100.127க்கும் நடுவில் இருந்தால், வீட்டில் என்ன போர்ட் திறந்தாலும் வெளியிலிருந்து ஒரு அழைப்பும் வராது. பி.பி. வீட்டுக்காரருக்கே இன்னொரு பி.பி. வீடு! புதிய ஐ.பி. ஆறாம் பதிப்பில் முகவரிக்குப் பஞ்சமில்லை, இந்திய செல்பேசிகளில் அது நன்றாகவே பரவிவிட்டது. ஆனால் அங்கேயும் கேட்காமல் வருபவரை ஃபயர்வால் நிறுத்தும். பிளாஸ்டர் பயம் இன்னும் போகவில்லை, போகவும் கூடாது.

அந்த வீட்டில் இப்போது ஆளுக்கொரு போன். பெரியப்பாவுக்கு எழுபது தாண்டிவிட்டது, இன்னும் தறியில் உட்காருகிறார். கொரோனா ஊரடங்கில், 2020ல், கடைகள் மூடிக் கிடந்தபோது இளைய மருமகள் வாட்ஸ்அப் வீடியோவில் சேலை காட்டி நேராக விற்க ஆரம்பித்தார். வெளியூர் அம்மாக்கள் கூப்பிடுவார்கள், "முந்தியக் கொஞ்சம் வெளிச்சத்துல காட்டுங்க" என்பார்கள். நாலு சேலை அப்படிப் போனால் அந்த மாதம் ஓடிவிடும். அங்கேதான் பழைய வியாதி திரும்பியது. மணி அடிக்கவில்லை. எப்போதாவது வாட்ஸ்அப்பைத் திறந்தால் தவறிய அழைப்புகள் ஐந்தாறு மொத்தமாக வந்து விழும். திரும்பக் கூப்பிட்டால், "வேற எடத்துல வாங்கிட்டேங்க" என்ற பதில்.

இந்த முறை நாட் குற்றவாளி இல்லை. செல்பேசியில் வாட்ஸ்அப் எப்போதும் விழித்துக்கொண்டு இருப்பதில்லை. கூகுளின் அறிவிப்புச் சேவை ஒன்றுதான் எல்லாச் செயலிகளுக்கும் சேர்த்து வெளியே கையைப் பிடித்து நிற்கிறது. "உனக்கு அழைப்பு" என்று அது தட்டினால்தான் வாட்ஸ்அப் எழும். 2015ல் வந்த ஆண்ட்ராய்டு 6 முதல், பேட்டரியை மிச்சப்படுத்த, அசையாமல் கிடக்கும் போனைத் தூங்க வைக்கிறார்கள். அழைப்புக்கு விதிவிலக்கு உண்டு என்றாலும், சில கம்பெனிப் போன்கள் தங்கள் பங்குக்கு இன்னும் கெடுபிடி செய்து, பயன்படுத்தாத செயலியைக் கழுத்தை நெரித்துவிடுகின்றன. முன்னாள் மாணவன், இப்போது நாற்பதைத் தாண்டிய ஆள், பொங்கலுக்கு வந்தபோது போனை வாங்கிப் பார்த்தான். பேட்டரி அமைப்பில் வாட்ஸ்அப்புக்கு "கட்டுப்பாடு இல்லை" என்று மாற்றினான். பின்னணி டேட்டாவை அனுமதித்தான். அறிவிப்பு அனுமதியைப் பார்த்தான், ஆண்ட்ராய்டு 13 முதல் அதைத் தனியாகக் கேட்கிறார்கள், மருமகள் என்னவென்று தெரியாமல் "வேண்டாம்" அழுத்தியிருந்தார். கடைசியாக, "தொந்தரவு செய்யாதே" நிலை. அதுவும் போட்டுத்தான் இருந்தது! பேரன் கேம் விளையாடும்போது போட்டுவிட்டானாம். இருபது வருடம் கழித்தும் முதலில் பார்க்க வேண்டியது அதேதான்.

அடுத்த வீட்டு ஆயா போனையும் கொண்டுவந்தார். பேரன் துபாயில். மெசேஜ் வருகிறது, போட்டோ வருகிறது, கால் மட்டும் வருவதில்லை. கடைக்காரர் இரண்டு முறை சாஃப்ட்வேர் மாற்றிக் காசு வாங்கியிருக்கிறார். போனில் ஒரு பழுதும் கிடையாது. ஐக்கிய அரபு அமீரகத்தில் வாட்ஸ்அப் அழைப்புகளுக்குத் தடை. அங்கே அனுமதி உள்ள போட்டிம் போன்ற செயலிகளில்தான் பேச வேண்டும். 2002க்கு முன் நம் நாடு செய்ததை வேறொரு நாடு செய்கிறது, அவ்வளவுதான். போட்டிம் போட்டுக் கொடுத்தான், மறுநாள் கால் வந்தது. கடைக்காரரிடம் கொடுத்த காசு போனது போனதுதான்.

பெரியப்பா போனுக்குத்தான் இன்னும் தீர்வு இல்லை. எல்லா அமைப்பும் சரி, மணியும் முழுச் சத்தத்தில் அடிக்கிறது, தறி ஓடும்போது அவருக்குக் கேட்பதில்லை. போனைத் தறி மேலேயே வைத்துப் பார்த்தார்கள். அதிர்வோடு அதிர்வாகப் போய்விடுகிறது. அதனால் சிங்கப்பூர் அண்ணன் இப்போது மத்தியானம் ஒன்றேகால் மணிக்குத்தான் கூப்பிடுகிறான். அவர் சாப்பிட எழுந்திருக்கும் நேரம் அது.